அட்வான்ஸில் 40,000 ரூபாயைப் பிடித்துவிட்டார் வீட்டுக்காரர்: பெயின்ட் செலவு யார் தலையில்?

பழையாறு | ஜூன் 24

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவில் வெட்டூர்ணிமடம் பக்கம் ஒரு மாடி வீட்டில் மூன்று வருடம் நான்கு மாதம் வாடகைக்கு இருந்தோம். வாடகை 11,000. அட்வான்ஸ் ஒரு லட்சம். கணவருக்கு மார்த்தாண்டத்தில் வேலை அமைந்ததால் மே 31ஆம் தேதி சாவியைக் கொடுத்துவிட்டு வந்தோம். ஒரு மாத வாடகைகூடத் தவறியதில்லை. கரண்ட் பில் பாக்கி இல்லை. காலி செய்யப்போவதை இரண்டு மாதம் முன்பே சொல்லிவிட்டோம்.

சாவி வாங்கிய அன்று வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு காப்பி கொடுத்துத்தான் அனுப்பினார். ஜூன் 20ஆம் தேதி கூகுள் பேயில் 60,000 வந்தது. கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு படம். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாளில் பேனாவால் எழுதியிருக்கிறார்:

பெயின்ட் 24,000
பாத்ரூம் கதவு 6,500
ஜன்னல் கம்பி துரு 4,000
மோட்டார் காயில் 3,500
கிளீனிங் 2,000

கீழே கூட்டுத்தொகை 40,000, அதற்கும் கீழே இரட்டைக் கோடு. போன் செய்தால் "கணக்கு எழுதி அனுப்பிவிட்டேனே அம்மா" என்கிறார்.

கதவில் மட்டும் உண்மை இருக்கிறது. என் மகன் மூன்று சக்கர சைக்கிளால் இடித்துப் பிவிசி கதவின் அடிப்பாகம் பிளந்துவிட்டது, மறைக்கவில்லை. ஜன்னல் கம்பி நாங்கள் குடிபோகும்போதே துரு. மோட்டார் கீழே குடியிருக்கும் வீட்டுக்காரருக்கும் எங்களுக்கும் பொது. பெயின்டைத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை. மூன்று வருடம் மனிதர் வாழ்ந்தால் சுவர் அழுக்காகாதா? என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

கோட்டாறு_சந்தை | ஜூன் 24

ஸ்டேஷனில் ஒரு புகார் கொடுங்கள் அக்கா. அங்கிருந்து ஒரு போன் போனால் பணம் தானாக வரும்.

வக்கீல்_குமாஸ்தா | ஜூன் 24

வராது தம்பி. சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்புவார்கள்; அதுதான் முறையும்கூட. மிரட்டினார், பூட்டை உடைத்தார், பொருளை எடுத்து வைத்துக்கொண்டார் என்றால் போலீஸ் வேலை. கணக்குத் தகராறு போலீஸ் வேலை இல்லை.

சகோதரிக்கு: இதற்கென்றே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. சொத்து உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம். 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 11ஆம் பிரிவு இரண்டே விஷயம் சொல்கிறது. வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கி ஏதும் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும். உங்களுக்கு மூன்று மாதம் என்றால் 33,000. அவர் ஒன்பது மாத வாடகைக்கு மேல் வாங்கியிருக்கிறார். ஆனால் நீங்களும் கையெழுத்துப் போட்டீர்கள் அல்லவா, "வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால்" என்ற சொற்றொடர் அவருக்குக் குடை பிடிக்கும். பழைய 1960ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்றது. அது இருந்த காலத்திலும் வடசேரியில் பத்து மாதம் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள், அது வேறு கதை.

ஆக, அட்வான்ஸ் அதிகம் என்பதில் மல்லுக்கட்டாதீர்கள். அவர் எழுதிய ஐந்து வரியில் எது உங்கள் பொறுப்பு, எது அவர் பொறுப்பு என்பதில் நில்லுங்கள். அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் வேலை பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் பக்கம். பைப் வாஷர், அடைத்த சாக்கடை, கழிப்பறை, வாஷ்பேசின் பழுது, சுவிட்ச், பூட்டு, கைப்பிடி, உடைந்த கண்ணாடி, கொசுவலை எல்லாம் குடியிருப்பவர் பக்கம். இது முதல் பார்வை. உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் நான் மேலே ஒரு சொல் சொல்லமாட்டேன்.

வள்ளியாறு | ஜூன் 24

குமாஸ்தா சார், இரண்டு மாத வாடகைதான் அட்வான்ஸ், சாவி கொடுக்கும் அன்றே திருப்பித் தர வேண்டும் என்று ஒரு காணொளியில் பார்த்தேனே?

வக்கீல்_குமாஸ்தா | ஜூன் 24

நீங்கள் பார்த்தது மத்திய அரசின் மாதிரி வாடகைச் சட்டம். 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பெயரிலேயே இருக்கிறது, மாதிரி. நமக்குப் பொருந்துவது நம் மாநிலச் சட்டம்தான். காணொளி போடுகிறவர் எந்த ஊரிலிருந்து பேசுகிறார் என்று முதலில் பாருங்கள்.

நானும்_வீட்டுக்காரன் | ஜூன் 25

எல்லோரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். ஆசாரிப்பள்ளம் பக்கம் எனக்கு இரண்டு வீடுகள், ஓய்வூதியத்தோடு அந்த வாடகையும் சேர்ந்துதான் வீடு ஓடுகிறது. போன முறை காலி செய்தவர்கள் சமையலறைச் சுவரில் அப்பளம் பொரித்த எண்ணெய் ஒரு விரற்கடை கனத்துக்கு. சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. டைல்ஸில் ஆணி அடித்து நான்கு ஓடு விரிசல். போகிற போக்கில் "அதெல்லாம் சகஜம் அண்ணாச்சி" என்றார்கள். அந்தச் சகஜத்துக்கு நான் கொடுத்தது 18,000. வீட்டுக்காரனென்றால் அரக்கன் என்ற முடிவோடு பேசாதீர்கள்.

தூரிகை | ஜூன் 25

அண்ணாச்சி சொல்வதும் சரி, அந்த அக்கா சொல்வதும் சரி. நான் பெயின்டர். இருபது வருடமாக இந்த மாவட்டத்துச் சுவர்களோடுதான் பிழைப்பு. சுவரைப் பார்த்தாலே யார் கெடுத்தது என்று சொல்லிவிடலாம்.

தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பெயின்ட் பூத்துப்போய், நகத்தால் சுரண்டினால் புட்டி மாவாக உதிர்ந்தால் அது ஓதம். தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம். குடியிருந்தவர் என்ன செய்ய முடியும்? மேல் மூலையில் காப்பிக் கறை மாதிரி வட்டம் வட்டமாக இருந்தால் மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கி இறங்குகிறது. அதுவும் வீட்டுக்காரர் கணக்கு. நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. சுவர் காய்வதற்கு விடுமுறையே கிடையாது. குளச்சல், முட்டம் பக்கம் போனால் உப்புக்காற்று வேறு. அங்கே ஜன்னல் கம்பிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ரெட் ஆக்சைடு அடிக்கவில்லையென்றால் இரும்பு வெங்காயத்தோல் மாதிரி உரியும்.

குடியிருந்தவர் கெடுத்தது எங்கே இருக்கும் தெரியுமா? இடுப்பு உயரத்தில். சுவிட்சைச் சுற்றிக் கைக்கறை, கட்டில் தலைமாட்டில் எண்ணெய்த் தலை வைத்த தடம், பிள்ளைகளின் கிரேயான், டிவிக்குப் போட்ட துளை. துளையையும் ஆணி ஓட்டையையும் அடைக்கச் செலவு கேட்டால் நியாயம். அதற்காக வீடு முழுவதும் புட்டி போட்டு இரண்டு கோட் அடித்த கணக்கை நீட்டினால் அநியாயம்.

24,000 ரூபாய்க்குச் சதுர அடிக் கணக்கும் பெயின்ட் கடைப் பில்லும் கேளுங்கள் அக்கா. அடித்தவர் யாராக இருந்தாலும் டப்பா வாங்கிய பில் இருந்தே தீரும்.

பழையாறு | ஜூன் 25

தூரிகை அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் படுக்கையறைச் சுவரை நினைத்துப் பார்த்தேன். கீழ்ப்பாதி முழுவதும் நீங்கள் சொன்ன அதே பூத்தல்தான். கிரேயானும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஹாலில் மகன் நீல நிறத்தில் ஒரு ரயில் வரைந்திருக்கிறான், ஆறு பெட்டி.

ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன். 20 ரூபாய் பத்திரத்தாளில் பதினொரு மாதத்துக்கு எழுதியது. அதன் பிறகு புதுப்பிக்கவே இல்லை. எங்கும் பதிவும் செய்யவில்லை. ஒன்பதாவது வரியைப் பார்த்ததும் நெஞ்சு அடைத்துவிட்டது: "வீட்டைக் காலி செய்யும்போது வர்ணம் பூசும் செலவுக்காக ஒரு மாத வாடகைத் தொகையை முன்பணத்திலிருந்து கழித்துக்கொள்ள வேண்டியது." கையெழுத்துப் போட்ட அன்று இதைப் படித்த ஞாபகமே இல்லை.

வக்கீல்_குமாஸ்தா | ஜூன் 25

நெஞ்சு அடைக்க வேண்டாம். அந்த வரி உங்களுக்கு எதிராக எழுதியது, ஆனால் இப்போது உங்களுக்குத்தான் துணை. ஒரு மாத வாடகை என்றால் 11,000. அவர் பிடித்தது 24,000. அவரே எழுதிய தாளை அவரே மீறியிருக்கிறார். அட்டவணைப்படி வர்ணம் உரிமையாளர் வேலை என்ற வாதத்தையும் வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள், கையெழுத்து உங்களுடையது.

பதினொரு மாதம் முடிந்துவிட்டதே என்று கவலைப்படவும் வேண்டாம். காலம் முடிந்த பிறகும் நீங்கள் இருந்தீர்கள், அவர் வாடகை வாங்கினார். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 116 இதை மாதத்துக்கு மாதம் தொடரும் வாடகையாகவே பார்க்கிறது. அதே சட்டத்தின் 108ஆம் பிரிவு, வீட்டை வாங்கியபடியே திருப்பிக் கொடுக்க வேண்டும், இயல்பான தேய்மானம் நீங்கலாக என்கிறது. துருவும் ஓதமும் அந்தத் தேய்மானத்தில் அடங்கும்.

இடிக்கிற இடம் பதிவு. பதினொரு மாதமென்றால் பதிவு வேண்டாம் என்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தை வைத்து வந்த பழக்கம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் அது பதிவு கேட்கிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் எவ்வளவு மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்கிறது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரை ஆட்சியர் அந்தப் பொறுப்பில் நியமிப்பார். இதற்கென்று அரசின் இணையதளமும் உண்டு. பதிவு செய்யாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக வைக்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நிற்பார். அதனால் வாடகை அனுப்பிய வங்கிக் கணக்கு, கூகுள் பே பதிவு, அந்த நோட்டுத்தாள் படம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். உண்மையில் அவர் அனுப்பிய தாளைவிடப் பெரிய சாட்சி உங்களிடம் இல்லை. அட்வான்ஸ் வாங்கியதையும் 40,000 பிடித்ததையும் அவர் கைப்பட ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த சாட்சியச் சட்டத்தில் மின்னணுப் பதிவுக்குப் பிரிவு 63இன்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது.

கோட்டாறு_சந்தை | ஜூன் 26

நுகர்வோர் நீதிமன்றம் போனால் மன உளைச்சலுக்கும் சேர்த்துக் கேட்கலாமே?

வக்கீல்_குமாஸ்தா | ஜூன் 26

தனி ஆள் ஒருவர் தன் வீட்டை வாடகைக்கு விட்டது அங்கே "சேவை" என்று நிற்பது கடினம். ஆறு மாதம் அலைந்த பிறகு வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். வேண்டாம்.

கொல்லங்கோட்டுக்காரி | ஜூன் 26

நாங்கள் இருப்பது ஒத்தி வீடு. நான்கு லட்சம் கொடுத்திருக்கிறோம், மாத வாடகை இல்லை. அடுத்த மாதம் தவணை முடிகிறது, பணம் தயாராகவில்லை என்கிறார். எங்களுக்கும் இந்த ஒரு மாதக் கணக்கு உண்டா?

வக்கீல்_குமாஸ்தா | ஜூன் 26

உங்களுடையது முற்றிலும் வேறு, ஒன்றாகக் குழப்ப வேண்டாம். அட்வான்ஸ் என்பது பிணைத்தொகை. ஒத்தி என்பது அடமானம். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 58ஆம் பிரிவில் அனுபோக அடமானம் என்று வருவது. பணம் கைக்கு வரும்வரை வீட்டை உங்கள் வசம் வைத்துக்கொள்ளும் உரிமை அதில் இருக்கிறது. ஆனால் 59ஆம் பிரிவுப்படி நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அடமானத்துக்குப் பதிவு செய்த பத்திரம் வேண்டும். வெறும் தாளில் எழுதி வாங்கியிருந்தால் சாவியைக் கொடுப்பதற்கு முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். பணம் கைக்கு வராமல் மட்டும் இறங்கிவிடாதீர்கள்.

வள்ளியாறு | ஜூன் 26

இதற்கெல்லாம் ஒரே வழி, காலி செய்வதற்கு முன் கடைசி ஐந்தாறு மாத வாடகையைக் கொடுக்காமல் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்வதுதான். நான் மூன்று வீட்டில் அப்படித்தான் வந்தேன்.

நானும்_வீட்டுக்காரன் | ஜூன் 26

உங்களைப் போன்றவர்களால்தான் நாங்கள் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறோம்.

வக்கீல்_குமாஸ்தா | ஜூன் 26

வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டு ஒரு செய்தியாவது அனுப்பினால் தாராளமாகச் செய்யலாம். அவர் வாய்திறக்காமல் நீங்களாக நிறுத்தினால் அது வாடகை பாக்கி. இரண்டு மாத பாக்கி என்பது வெளியேற்றக் கேட்பதற்கே ஒரு காரணம். மூன்று வீட்டிலும் நல்ல மனிதர்கள் அமைந்திருக்கிறார்கள், உங்கள் அதிர்ஷ்டம்.

சகோதரி, நீங்கள் செய்ய வேண்டியது இது. வக்கீல் நோட்டீஸுக்கு முன்னால் நீங்களே ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். கோபம் வேண்டாம், கணக்கு மட்டும். கதவுக்குப் பில் காட்டினால் ஏற்கிறேன், வர்ணத்துக்கு ஒப்பந்தப்படி 11,000க்கு மேல் முடியாது, அதற்கும் செலவு செய்த பில் வேண்டும், மோட்டார் பொது, துரு தேய்மானம், கிளீனிங் ஒப்பந்தத்திலேயே இல்லை. 15 நாளில் பதில் வேண்டும் என்று முடித்து, ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுக்கலாம். கட்டணம் இல்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவியும் உண்டு. அவரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். இருவரும் சம்மதித்து முடித்தால் அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. சம்மதிக்கவில்லையென்றால் வழக்கு. பணம் கேட்டு வழக்குப் போட மூன்று வருடக் காலம் இருக்கிறது, அவசரப்பட்டு உளற வேண்டாம்.

பழையாறு | ஜூலை 3

கடிதம் அனுப்பிவிட்டேன். ஆரல்வாய்மொழிக் காற்று மாதிரி வீட்டில் இரண்டு நாளாக விவாதம். "25,000 ரூபாய்க்காக ஒரு மனிதரைப் பகைத்துக்கொள்ள வேண்டுமா, நாளைக்குக் கல்யாண வீட்டில் முகம் பார்க்க வேண்டாமா" என்கிறார் மாமியார். எங்கள் இரண்டு மாத வாடகைக்கும் மேல் அது.

நானும்_வீட்டுக்காரன் | ஜூலை 3

கேளுங்கள் தங்கை. நானே சொல்கிறேன், அந்த மோட்டார் 3,500 கொஞ்சமும் நியாயமில்லை. அவரும் அதே தண்ணீரில்தானே குளிக்கிறார்.

பழையாறு | ஜூலை 22

எல்லோருக்கும் சொல்ல வேண்டிய செய்தி இருக்கிறது.

கடிதம் கிடைத்த ஒப்புகை அட்டை திரும்பி வந்தது, பதில் வரவில்லை. மனு எழுதி வைத்துவிட்டு, அதற்கு முன்னால் ஒரு முறை அந்த வீட்டை நேரில் பார்த்துவிடலாம் என்று போனேன். எங்கள் இடத்தில் புதிதாக ஒரு பெண் குடும்பத்தோடு வந்திருக்கிறாள், நர்ஸ் வேலை. எங்களுக்கு வந்த ஒரு பார்சலை வாங்குகிற சாக்கில் மாடி ஏறினேன். கதவு திறந்ததும் ஹால் சுவரில் நீல ரயில். ஆறு பெட்டியும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசிப் பெட்டிக்குச் சக்கரம் போட மறந்தது உட்பட.

பெயின்ட் அடிக்கவே இல்லை! "அடித்துத் தரவில்லையா?" என்று கேட்டால், "அடிக்காமல் வருவதென்றால் வாடகையில் 500 குறைக்கிறேன் என்றார், சரியென்று வந்துவிட்டோம் அக்கா" என்கிறாள். ஜன்னல் கம்பியில் துரு இருக்கிறது. பாத்ரூம் கதவு மட்டும் புதிது.

அவளிடம் கேட்டுக்கொண்டு ரயிலைப் படம் எடுத்தேன். படியிறங்கியதும் வீட்டுக்காரருக்கு அந்தப் படத்தை மட்டும் அனுப்பினேன், ஒரு சொல்லும் எழுதாமல். இரண்டு நீலக் குறி விழுந்தது. அன்று இரவு எட்டரை மணிக்கு அவரே போன் செய்தார்.

அடிக்காத பெயின்டுக்கு ஒரு ரூபாயும் தரமாட்டேன் என்றேன். "ஒப்பந்தத்தில் ஒரு மாத வாடகை என்று இருக்கிறதே அம்மா, வரும் தை மாதம் அடிக்கத்தான் போகிறேன்" என்றார். பேசிப் பேசி 5,500இல் நின்றது. கதவுக் கடைப் பில் அனுப்பினார், 6,500 அல்ல, 3,200. இந்த இரண்டும் சேர்த்து 8,700 போக, 31,300 ரூபாய் நேற்று வந்துவிட்டது. இனி பாக்கி எதுவும் இல்லை என்று இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

கோட்டாறு_சந்தை | ஜூலை 22

5,500 எதற்கு விட்டீர்கள் அக்கா? படம் கையில் இருக்கிறது, மனு எழுதி வைத்திருக்கிறீர்கள். முழுவதும் வாங்கியிருக்கலாம்.

வக்கீல்_குமாஸ்தா | ஜூலை 22

வாங்கியிருக்கலாம்தான், நான்கு வாய்தாவுக்கு மார்த்தாண்டத்திலிருந்து பஸ் ஏறி, நான்கு நாள் லீவு போட்டு. சகோதரி முடித்தது நல்ல முடிவு. ஒன்பதாவது வரி என்று ஒன்று இருந்ததையும் மறக்க வேண்டாம்.

தூரிகை | ஜூலை 22

தை மாதம் அவர் அடிக்கும்போது ஓதத்துக்கு முதலில் வைத்தியம் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த ஆனியில் மறுபடியும் பூக்கும், அந்த நர்ஸ் தங்கை தலையில் எழுதுவார்.

பழையாறு | ஜூலை 23

அதை அவளிடம் சொல்லிவிட்டேன் அண்ணா. அவள் கொடுத்திருக்கும் அட்வான்ஸ் 1,20,000. நான் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள்: "அக்கா, அந்த ரயிலை நானும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா?" தேதி தெரிகிற மாதிரி எடு, படுக்கையறைச் சுவரையும் சேர்த்து எடு, எடுத்ததை இன்றைக்கே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடு என்றேன்.